தொட்டி காலி இல்லை ஸார்!

சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாங்க் உத்தியோகம். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கைக்குக் கிடைக்கிறதாம். அதிலும் பாதி கறிக்கடை க்யூவில் கரைந்துவிடுகிறது. ஆகவே, ஒரே ஒரு தடவை நட்டால் போதும், அப்புறம் வருஷா வருஷம் தானாக முளைத்து, தானாகப் பூத்து, வீட்டில் நமக்கு நல்ல பெயரும் வாங்கித் தருகிற செடி ஏதாவது உண்டா என்று கேட்கிறார். கூடவே ஏதோ ஆங்கிலத் தோட்டப் புத்தகத்தில் பார்த்த பெயர் ஒன்றையும் குறித்து அனுப்பியிருக்கிறார். மெடோ ரூ. "இது நம்ம ஊர்ல வருமா?"

வரும். செடிக்குத் தனியாக ஏ.ஸி. ரூம் போட்டு, வேருக்கு ஐஸ் வாட்டர் ஊற்றி, கரண்ட் பில்லை மாமனார் தலையில் கட்ட முடிந்தால் நிச்சயம் வரும்.

மெடோ ரூவின் தாவரவியல் பெயர் தலிக்ட்ரம். ரொம்ப அழகான செடி, மறுப்பதற்கில்லை. இலை, கொத்தமல்லித் தழை கான்வென்ட்டில் படித்துவிட்டு வந்த மாதிரி நறுவிசாக இருக்கும். பூவில் உண்மையான இதழ் என்று ஒன்று கிடையாது. பல ரகங்களில் மகரந்தத் தாள்களே பவுடர் பஃப் மாதிரி குஞ்சம் கட்டிக் கொண்டு நிற்கும். அரை நிழல், எப்போதும் ஈரமான மண், குளிர்ந்த காற்று... இந்த மூன்றும் வேண்டும். அந்த நாடுகளில் பனிக்காலம் வந்ததும் தரைக்கு மேலே உள்ளதெல்லாம் காய்ந்துபோகும். வேர் மட்டும் மண்ணுக்குள் போர்த்திக் கொண்டு தூங்கும். வசந்தம் வந்ததும் மறுபடி எழுந்து வரும். நட்டவர் ரிட்டயர் ஆகும்வரை கூட வந்துகொண்டிருக்கும். நம் நீலகிரியில் இதன் உறவுக்கார இனம் ஒன்று யாரும் நடாமல் தானாகவே வளர்கிறது. ஆக, தமிழ்நாட்டுக்கு வராத செடி இல்லை. மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிற செடி.

இந்த மாதிரிச் செடிகளைத் தமிழில் பல்லாண்டுத் தாவரம் என்கிறார்கள். பல்லாண்டு என்றதும் எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார் ஞாபகம்தான் வரும். அவரும் நந்தவனம் வைத்திருந்தவர்தான் என்பதால் பொருத்தமான பெயர்தான். பி.காம். பாஷையில் சொன்னால் இது பெர்மனென்ட் ஸ்டாஃப். செண்டுமல்லி எல்லாம் சீஸன் முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பப்படுகிற டெம்பரரி.

*

சாத்தூர்க்காரரின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் புத்தகம்தான் வேறு ஊர்ப் புத்தகம். விருதுநகரில் குளிர்காலம் என்றால் மார்கழியில் ஃபேனை நாலிலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. இதை நம்பி எந்தச் செடி தூங்கும்?

எங்கள் வறட்சியை நாங்கள் குறையாகவே நினைத்ததில்லை. அதுதான் எங்கள் முதல். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததற்குக் காரணம், குச்சியும் காகிதமும் சீக்கிரம் காய்கிற இந்த வெயில். பின்னால் பட்டாசும் அதே வெயிலை நம்பித்தான் வந்தது. மழை பெய்கிற ஊரில் மத்தாப்பு காயாது.

தீக்குச்சி காய்கிற ஊரில் செடியும் காயும், இல்லையா? ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். அங்கே செடி குளிருக்குப் பயந்து மண்ணுக்குள் போகிறது. இங்கே வெயிலுக்குப் பயந்து மண்ணுக்குள் போகிற செடி எது? பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் 'நான் இல்லை' என்று சொல்லிவிட்டு, ஆடியில் வந்து கதவைத் தட்டுகிற செடி எது?

இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த செடிதான். குரூப் ஃபோருக்குப் படித்தவர்களுக்குக் கண்டிப்பாகத் தெரியும். 'தமிழ்நாட்டின் மாநில மலர் எது?' ஒன்றரை மார்க். செங்காந்தள்!

*

செங்காந்தள் என்று பதில் எழுதி மார்க் வாங்கியவர்களில் எத்தனை பேர் பூவை நேரில் பார்த்திருக்கிறோம்? பெயரைச் சொன்னால் இலக்கியமாக இருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறாரே, அதில் முதல் பூ இதுதான். ஆனால் இதே பூ ஊர்ப்பக்கம் வேலியில் படர்ந்து கிடக்கும்போது கண்வலிப்பூ என்று ஒதுக்கிவிட்டுப் போவார்கள். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று நம்பிக்கை. கிழங்கு ஏர்க் கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. ஒரு செடிக்கு இத்தனை பெயர். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருக்கிற நம்மைப் போலத்தான்.

பூவைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வீர்கள். தரையைப் பார்த்துத் தொங்குகிற பூவுக்கு, இதழ்கள் மட்டும் ஆறும் மேலே திரும்பி, ஓரமெல்லாம் நெளிந்து, நெருப்பு மாதிரி நிற்கும். முதல் நாள் இளம்பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் ஆரஞ்சு. கடைசியில் ரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று கலரும் ஒரே சமயத்தில் எரியும். சிவகாசியில் இந்த வேலைக்குச் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்கு சோடியம் என்று தனித்தனி உப்பு வேண்டும். நாக்பூரிலிருந்து லைசென்ஸ் வேண்டும். காந்தளுக்கு ஒன்றும் வேண்டாம். புகை இல்லை, சத்தம் இல்லை, எந்தக் கோர்ட்டும் நேரம் குறிக்காது.

வெளிநாட்டிலும் இதற்கு மவுசு உண்டு. ஜிம்பாப்வேயின் தேசிய மலர் இதுதான். 1947-ல் இளவரசி எலிசபெத் அந்தப் பக்கம் போனபோது, தெற்கு ரொடீஷியாப் பள்ளிக் குழந்தைகளின் பரிசாக இந்தப் பூவின் வடிவத்தில் ஒரு வைர ப்ரூச் கொடுத்தார்கள். இங்கிலாந்து ராணியின் சட்டையில் குத்தியிருந்த பூ, நம் வேலியில் சும்மா கிடக்கிறது.

நம் ஆட்களும் சும்மா விடவில்லை. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இதை வயலில் பயிராகவே போடுகிறார்கள். பூவுக்காக இல்லை, விதைக்காக. இந்தப் பூவில் சூல்தண்டு அடியிலேயே வளைந்து, மகரந்தத்துக்கு எட்டாமல் விலகிப் பக்கவாட்டில் நீட்டிக் கொண்டிருக்கும். பக்கத்து சீட்டில் இருந்தும் பேசாத புது மாப்பிள்ளை மாதிரி. ஆகவே காலையில் ஆட்கள் போய்ப் பூப் பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும். அந்த விதையிலிருந்து எடுப்பது கோல்சிசின் என்கிற மருந்து. இதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சீரியஸாகவே.

*

முதலில் கிழங்கின் கணக்கைப் பார்ப்போம். பி.காம். படித்தவன் தோட்டம் போட்டால் கண் இதில்தான் போகும்.

ஆடியில் ஒரு கிழங்கு நடுகிறீர்கள். அது முளைத்து, தன்னிடம் உள்ள சரக்கையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப் போய்விடுகிறது. நூறு சதவீதத் தேய்மானம். ஆனால் போவதற்கு முன்னால் பக்கத்திலேயே புதுக் கிழங்கு ஒன்றை உருவாக்கி வைத்துவிட்டுப் போகிறது. அது பெரும்பாலும் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி இரண்டு கையோடு இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை. ஆக ஓப்பனிங் ஸ்டாக் ஒன்று, க்ளோசிங் ஸ்டாக் இரண்டு. ஒன்று போட்டால் இரண்டு தருகிறேன் என்று போர்டு மாட்டிய ஃபைனான்ஸ் கம்பெனிகள் பல ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயிருக்கின்றன. இதுவும் காணாமல் போகும். ஆனால் திரும்பி வரும். அதுதான் வித்தியாசம்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. போன வருஷம் பூத்த அதே கிழங்கு இந்த வருஷம் பூப்பதில்லை. அதன் வாரிசுதான் பூக்கிறது. பெர்மனென்ட் ஸ்டாஃப் என்று சொன்னேனே, அதைத் திருத்திக் கொள்ளலாம். இது வாரிசு வேலை.

நடுகிற முறை சுலபம்தான். நாலே விஷயம்.

மண்: எங்கள் கரிசல், பருத்திக்கும் மிளகாய்க்கும் ராஜா. ஆனால் மழையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும், வெயிலில் பிளந்துகொள்ளும். இரண்டும் இந்தக் கிழங்குக்கு ஆகாது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகவே வெறும் கரிசலில் வைக்காமல் செம்மண் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாத தொட்டி. அடியில் ஓட்டை முக்கியம்.

நடவு: கிழங்கைப் படுக்கை வசமாக, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வையுங்கள். நுனியில் இருக்கிற முளையைக் கண்ணாடிச் சாமான் மாதிரி கையாள வேண்டும். கைக்கு ஒரு முளைதான். ஒடித்துவிட்டால் உருளைக்கிழங்கு மாதிரி வேறு கண்ணிலிருந்து வரும் என்று காத்திருக்க முடியாது. விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் பூப் பார்க்கச் சில வருஷம் ஆகும்.

பிடிமானம்: இலையின் நுனியே சுருண்டு கொக்கியாகி எதையாவது பிடித்துக்கொண்டு ஏறும். நாலைந்து காய்ந்த குச்சியோ, ஜன்னல் கம்பியில் கட்டிய சணலோ போதும். கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் கிளுவை முள்ளை நட்டு அதில் ஏற்றுகிறார்கள்.

வெயில், தண்ணீர்: காலை வெயில் போதும், மத்தியான வெயிலுக்குக் கொஞ்சம் மறைவு. முழித்திருக்கும்போது மேல்மண் காயக் காயத் தண்ணீர். குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிற எங்களுக்கு இந்த அளவு தாராளம். கருப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளி வைத்த புழு ஒன்று வந்து இலையைத் தின்னும். அதற்கு இந்தச் செடி விருந்துச் சாப்பாடு. குச்சியால் தட்டி எடுத்துவிட்டால் போதும்.

கிழங்கை நர்ஸரியில் கேட்டு வாங்குங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் போய்த் தோண்டிக் கொள்ளலாம் என்று பைக்கை எடுக்க வேண்டாம். 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்ட காடு அது. அணில் ஒன்றும் சொல்லாது. வனத்துறை சொல்லும்.

*

இதெல்லாம் சுலபமான பாதி. கஷ்டமான பாதி மாசியில் ஆரம்பிக்கிறது.

காய் வெடித்ததும் இலை மஞ்சளாகும். கொடி காய்ந்து கயிறு மாதிரி தொங்கும். இந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். 'ஐயோ வாடுதே' என்று பரிதாபப்பட்டு ஊற்றினால் உள்ளே இருக்கிற கிழங்கு அழுகும். பங்குனியில் மேலே எதுவுமே இருக்காது. ஒரு தொட்டி, அதில் மண், அவ்வளவுதான். ஆனி வரை அதே கதை.

நாலைந்து மாதம் வெறும் மண்தொட்டியை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது வைத்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் மாடிப் போர்ஷனில் அந்தத் தொட்டிக்கு வராத சோதனை இல்லை. "ஏங்க, அதுல கொத்தமல்லியாவது போடலாம்ல?" என்று வீட்டுக்காரி. "காலித் தொட்டிய எதுக்கு வழியில வச்சிருக்கீக?" என்று கீழ்வீட்டு அண்ணாச்சி. அவர் பேரன் அதில் பம்பரக் கயிற்றைப் புதைத்து வைத்திருந்தான். தொட்டி காலி இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் பஸ்ஸில் இடம் போட்ட கர்ச்சீஃபுக்குக் காவல் நிற்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டேன்.

எனக்காக வாதாடியது எதிர்வீட்டு அக்காதான்.

அக்காவும் ஆபீஸுக்குப் போகிறவர். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். விடிகாலையில் வேன் வந்து கூட்டிக் கொண்டு போகும். வருஷம் பூராவும் தீபாவளிக்காக வேலை. தீபாவளி முடிந்ததும் சில வாரம் ஆபீஸ் பூட்டு. அப்புறம் பூஜை போட்டுத் திறப்பார்கள். நடுவில் மழை பெய்தாலும் வேலை இல்லை. அக்கா எங்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட் கடன் கேட்க வந்தவர், தொட்டிப் பஞ்சாயத்தை நின்று கேட்டார். "இதென்ன தம்பி, லீவுல இருக்கவளப் பார்த்து வேலை போயிருச்சான்னு கேட்ட மாதிரி இருக்கு!" என்றார். சிரித்துக் கொண்டுதான் சொன்னார்.

அப்புறம் அவரே சொன்னார். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது என்றானபோது, அந்த வருஷம் தீபாவளிக்குப் பூட்டிய ஆபீஸ்கள் மாதக் கணக்கில் திறக்கவில்லை. 2020-ல் ஊரடங்கு வந்தபோது மறுபடி. "ஊருக்குள்ள எல்லாரும் இனி திறக்காதுன்னாக. வேற ஊருக்குப் பஞ்சாலை வேலைக்கே போய்ட்டாக கொஞ்சப் பேரு. நமக்கு உள்ளுக்குள்ள கையிருப்பு என்ன இருக்குன்னு நமக்குத்தான தெரியும்? வெளியில பார்க்கிறவுகளுக்குத் தொட்டிதான் தெரியும்."

கையிருப்பு என்று அவர் சொன்னது ஒரு ஜோடி கம்மல். அது அடகுக் கடைக்குப் போய், ஆபீஸ் திறந்து ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்ததாம். கிழங்கு செய்வதும் அதேதான். நல்ல மாதத்தில் சேர்த்ததை வைத்துக்கொண்டு கெட்ட மாதத்தைக் கடக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், கிழங்குக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கையையும் கவனித்தேன். தீபாவளி முடிந்து ஆபீஸ் தூங்கப் போகிற அந்த ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும்தான் காந்தள் முழு வேகத்தில் பூக்கிறது. அக்கா வீட்டில் இருக்கிற நாட்களில் அது டியூட்டி பார்க்கிறது. ஷிஃப்ட் மாறுகிற மாதிரி.

*

இப்போது அந்த சீரியஸான விஷயம்.

காந்தள் விஷம். கொஞ்சநஞ்சம் இல்லை, ஆளைக் கொல்கிற விஷம். இலை, பூ, விதை எல்லாவற்றிலும் உண்டு. கிழங்கில் இருப்பதே உயிரைப் பறிக்கப் போதும். காரணம் அதே கோல்சிசின். உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிகிற வேலையை அது நடுவில் நிறுத்திவிடும். இந்தக் குணத்தை அளந்து பயன்படுத்தினால் நன்மை. கால் கட்டைவிரல் வீங்கி உயிர் போகிற மாதிரி வலிக்கிற கவுட் நோய்க்கு டாக்டர்கள் இதை மிகச் சிறிய அளவில் தருகிறார்கள். இதைத் தெளித்தால் செடியின் குரோமோசோம் இரட்டிப்பாகும் என்று 1937-ல் கண்டுபிடித்தார்கள். அதன் உபயத்தில் ஜப்பானில் விதையில்லாத் தர்பூசணி பிறந்தது. அளவு தப்பினால் அதே மருந்து எமன்.

கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றோ, வேறு கிழங்கு என்றோ நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் நம் நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. இதில் மோசம், சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். 'ஏதோ ஒத்துக்கல' என்று மோர் குடித்துக் கொண்டிருக்கிற நேரத்தில் விஷயம் கைமீறும். தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். செடியின் ஒரு துண்டையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஆகவே சாத்தூர் வாசகருக்கு முதல் கேள்வி: வீட்டில் கண்டதை வாயில் போடுகிற வயசில் குழந்தை இருக்கிறதா? இருந்தால் இந்தச் செடி வேண்டாம். மாநில மலர் ஆயிற்றே என்று பார்க்க வேண்டாம். குழந்தை ஸ்கூல் போய் நாலு எழுத்து படித்த பிறகு பார்த்துக் கொள்ளலாம். ஆடு மாடு நிற்கிற வீட்டுக்கும் இதே தீர்ப்பு.

'இவ்வளவு விஷத்தை எதுக்கு வீட்டில் வைக்கணும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாசலில் அரளி வைத்திருப்பவர்கள் மட்டும் கேட்காமலிருந்தால் போதும். அதுவும் விஷம்தான்.

அபாயமான பொருளோடு ஒழுங்காக இருப்பது எப்படி என்று எங்கள் ஜில்லாவில் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆபீஸ் சுவரில் இந்த அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்துதான் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். பொறி பறக்கிற இரும்புச் சாமான் உள்ளே வரக் கூடாது. இந்த விதிகளை மதிக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் பார்த்தோம். அதற்கு முன்னும் பின்னும் பார்த்தாயிற்று. என் தொட்டிக்கும் அக்காதான் விதி போட்டுக் கொடுத்தார்.

"மொதல்ல பேரை எழுதி வைங்க தம்பி. என்ன மருந்துன்னு எழுதாத டப்பா ஆகவே ஆகாது. தோண்டுறப்ப கையில உறை போடுங்க. தோண்டின கிழங்க அடுப்படிப் பக்கம் கொண்டு வரவே கூடாது. வெங்காயக் கூடையில போட்டுட்டு அப்புறமாப் பார்த்துக்கலாம்னு நினைச்சீக, அம்புட்டுத்தான்."

எழுதி ஒட்டினேன். 'காந்தள் - விஷக் கிழங்கு - தொடாதே.' கீழ்வீட்டுப் பேரனுக்கும் ஒரு தடவை கூட்டிப் போய்ச் சொல்லிக் கொடுத்தாயிற்று. பம்பரக் கயிறு இடம் மாறிவிட்டது.

இரண்டாம் வருஷம் ஆனியில் தொட்டியைக் கவிழ்த்தபோது கணக்குப்படி இரண்டு முளையோடு கிழங்கு இருந்தது. எனக்காக வாதாடியவருக்குத்தானே பங்கு? ஒன்றைப் பிரித்து, பெயர் எழுதிய கவரில் போட்டு அக்காவிடம் நீட்டினேன்.

வாங்கவில்லை. "பகல் பூரா மருந்துக்குள்ளதான் தம்பி கெடக்கேன். வீட்டுலயாவது மருந்து இல்லாத பூவா இருக்கட்டுமே. வேற ஏதாச்சும் இருந்தாக் குடுங்க."

கவரைத் திரும்ப வாங்கிக் கொண்டேன். சிவகாசியில் வெடிக்கிற பொடிக்கும் மருந்து என்றுதான் பேர். ஆஸ்பத்திரியில் தருவதும் மருந்து. வயலில் தெளிப்பதும் மருந்து. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் எப்படிச் சமாளிக்கிறோம் என்பது ஆச்சரியம்தான். அதைத் தினமும் கையால் அள்ளுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

அக்காவுக்கு மழை லில்லி கொடுத்தேன். சின்ன வெங்காயம் சைஸில் கிழங்கு. வெயிலில் புல் மாதிரி சுருண்டு கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்து சில நாளில் தொட்டி நிறைய ரோஸ் கலரில் பூத்து நிற்கும். இதையும் தின்னக் கூடாதுதான். ஆனால் காந்தள் அளவுக்குப் பயமில்லை. மழை பெய்தால் அக்காவுக்கு வேலை இல்லை, கூலி இல்லை. அந்த நாளில் வாசலில் பூவாவது இருக்கட்டுமே என்றுதான் கொடுத்தேன். குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் என் சிபாரிசு இதுதான். வாசனை வேண்டும் என்றால் சம்பங்கி. அதுவும் கிழங்குதான், அதுவும் வருஷா வருஷம் வரும்.

மெடோ ரூவுக்கு மனசு கேட்கவில்லை என்றால் இரண்டு நாள் லீவு போட்டு ஊட்டிக்குப் போய், அதன் உறவுக்காரச் செடியைப் பார்த்துவிட்டு வாருங்கள். கையோடு பிடுங்கிக் கொண்டு வர வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற தினசரிக் காலண்டர் அநேகமாகச் சிவகாசியில் அச்சடித்ததாகத்தான் இருக்கும். அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பத்தை அங்கே ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவார்கள். கிழங்கு நடுவதற்கும் அதுதான் நாள், ஞாபகம் வைக்கச் சுலபம். புதுக் காலண்டர் வந்ததும் பங்குனி முதல் தேதிச் சீட்டில் மட்டும் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்: 'தொட்டி காலி இல்லை.' கிழிக்கிற அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு, அதையே தொட்டியில் ஒட்டிவிடலாம். கொத்தமல்லி போடுவதற்கு வேறு தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம்.